புதுவையில் இரு நாட்கள்

சென்ற நோன்புப் பெருநாளை அடுத்து என் தங்கை மகன் தன் இளம் மனைவியுடன் எங்கள் இல்லத்திற்கு விருந்து வந்திருந்தான். வளைகுடா நாட்டில் பணிபுரிபவன். மணமான புதிதில் இருவரும் மத்தியதரைக் கடலோரத்து நகரம் ஒன்றுக்கும், அதற்கருகே இருந்த கடற்கரைச் சிற்றூருக்கும் ஐந்து நாள் பயணம் சென்று வந்தார்களாம். கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினான். மஞ்சள் பூசிய சுவர்கள். அவற்றின்மேல் படர்ந்த காகிதப் பூங்கொடிகள். கல் பாவிய குறுந்தெருக்கள். தெருவின் முடிவில் நீலக்கடல். என் துணைவியார் எல்லாவற்றையும் பொறுமையுடன் பார்த்துவிட்டு, அவர்கள் உறங்கச் சென்றபின் என்னிடம் மெல்லக் கூறினார்: "என்னங்க, முப்பத்திரண்டு வருஷமா நாமளும் ஊர் ஊராப் போறோம். கல்யாணத்துக்குப் போறோம், மையித்துக்குப் போறோம். பாக்கணும்னு ஒரு ஊருக்குப் போனதில்லே."

உண்மைதான். மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை. மத்தியதரைக் கடலுக்கு அவரை அழைத்துச் செல்ல ஓர் அரபி ஆசிரியனின் வருவாய் இடங்கொடாது. ஆனால் அக்கடல் ஒரு காலத்தில் நம்மைத் தேடி வந்த இடம் ஒன்று எங்கள் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. நகரும் உண்டு, அதனருகே கடற்கரைச் சிற்றூரும் உண்டு. ஆகவே ஒரு சனிக்கிழமை காலை, மாற்றுடை ஒரு பையிலும், புளிச்சோறு ஒரு தூக்குவாளியிலுமாக இருவரும் புதுவைக்குப் புறப்பட்டோம்.

புதுச்சேரிக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையில் ஒரு மாலை நடப்பார்கள். பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருவில் நின்று படம் எடுத்துக் கொள்வார்கள். பிள்ளைகளுக்கு எதையேனும் வாங்கிக் கொண்டு ஊர் திரும்புவார்கள். "பிரான்சுக்குப் போனது போல இருந்தது" என்பார்கள். அந்நகரின் பிறப்பிலும் வளர்ப்பிலும் நம் முன்னோருக்கு இருந்த பங்கு அவர்கள் செவிக்கு எட்டியிருப்பதில்லை. இக்கட்டுரை அக்குறையை ஓரளவேனும் போக்குமானால் எனக்கு மகிழ்ச்சியே. எனினும், இப்பயணத்தில் முதலில் போக்கப்பட்டது என் குறைதான் என்பதையும் போகப் போகக் காண்பீர்கள்.

கடற்கரைச் சாலையை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் வேலைப்பாடமைந்த கருங்கல் தூண்களை என் துணைவியார் தடவிப் பார்த்தார். அவை செஞ்சியிலிருந்து கொணரப்பட்டவை. 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். அவர்கள் ஆதிக்கக் காலத்தில் அத்தூண்கள் இங்கே வந்து சேர்ந்தன. சற்று வடக்கே 1836இல் எழுப்பப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது.

அங்கிருந்து வெள்ளையர் வாழ்ந்த பகுதிக்குள் நுழைந்தோம். நூல் பிடித்தாற்போன்ற தெருக்கள். ஒரு தெருவின் முனையில் நின்றால் மறுமுனை தெரிகிறது. இந்த நேர்த்தி பிரெஞ்சுக்காரர் கைவண்ணம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையோ வேறு. 1693இல் டச்சுக்காரர் இந்நகரைக் கைப்பற்றி ஆறாண்டு தம் வசம் வைத்திருந்தனர். குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் தெருக்கள் அமையும் வரைபடத்தை வகுத்தவர்கள் அவர்களே. 1697இன் உடன்படிக்கைப்படி 1699இல் நகர் திரும்பக் கிடைத்தபோது அவ்வரைபடத்தையும் பிரெஞ்சுக்காரர் தமதாக்கிக் கொண்டனர்.

இதற்கும் முன்னே செல்வோம். பிரெஞ்சுக்காரருக்கு இங்கே கால் ஊன்ற இடம் கொடுத்தவர் யார்? பீஜப்பூர் சுல்தானின் சார்பில் வாலிகண்டபுரத்தில் இருந்து இப்பகுதியை ஆண்ட ஷேர்கான் லோதி என்னும் முஸ்லிம் ஆளுநர். 1673இல் பெல்லாஞ்சே தெ லெஸ்பினே என்பவர் அவரிடம் இவ்விடத்தைப் பெற்றார். மறு ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் வந்து குடியேறினார். நெசவாளர் நிறைந்த கடற்கரைச் சிற்றூர் நகரானது அதன்பின்னரே. ஷேர்கானின் ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை; 1677இல் சிவாஜியின் படையெடுப்பில் அவர் வீழ்ந்தார். மர்த்தேன் 1706இன் கடைசி நாள் வரை வாழ்ந்து இந்நகரிலேயே மறைந்தார். மர்த்தேனின் பெயரில் புதுவையில் தெரு உண்டு. ஷேர்கானின் பெயரில் ஒரு சந்து கூட என் கண்ணிற் படவில்லை.

நடந்து நடந்து துய்மா வீதிக்கு வந்தோம். ஒரு வீட்டின் முன்னே இளைஞர் நால்வர், இது புகழ்பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியரின் பெயர் என்று தமக்குள் பேசிக் கொண்டிருந்தனர். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லை தம்பி, இவர் வேறு துய்மா. 1735 முதல் 1741 வரை இங்கே கவர்னராக இருந்தவர்" என்றேன். அவர்கள் புன்னகைத்து நகர்ந்தனர். என் துணைவியார் மட்டும் நகரவில்லை. "அவர் என்ன செஞ்சார்?" என்று கேட்டார். அவரைத் தெரு ஓரத்து மரநிழலில் அமரச் செய்து அக்கதையைச் சொன்னேன். அதை இங்கும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

1740ஆம் ஆண்டு மே மாதம். மராட்டியத் தலைவர் ரகோஜி போன்ஸ்லே பெரும்படையுடன் ஆர்க்காட்டு நாட்டின்மேல் இறங்கினார். தாமல்செருவுக் கணவாயில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் கொல்லப்பட்டார். அவர் மருமகன் சந்தா சாகிப் தொலைவில் திருச்சிராப்பள்ளியில் இருந்தார். தலைவனை இழந்த அந்தப்புரத்துப் பெண்களுக்குப் போக்கிடம் இல்லை. நவாபின் விதவை தம் மக்களையும், கையிலகப்பட்ட செல்வத்தையும் எடுத்துக் கொண்டு, யானைகளும் ஒட்டகங்களும் சூழப் புதுச்சேரிக் கோட்டை வாயிலில் வந்து நின்றார். சந்தா சாகிபின் மனைவியும் மகனும் இங்கேயே அடைக்கலம் அடைந்தனர்.

கவர்னர் துய்மா ஆலோசனைச் சபையைக் கூட்டினார். கதவைத் திறந்தால் மராட்டியர் பகை வரும். மூடினால், நவாபின் குடும்பத்தை வாசலில் நிறுத்தித் திருப்பிய இழிவு வரும். திறப்பதென்று முடிவாயிற்று, வந்தவர்கள் உரிய மரியாதையுடன் வரவேற்கப்பட்டனர். பின்னர் ரகோஜியிடமிருந்து ஓலைகள் வந்தன: கப்பம் செலுத்துக, சந்தா சாகிபின் மனைவியையும் மகனையும், அவர்கள் கொண்டுவந்த செல்வத்தையும் ஒப்புவிக்க. துய்மா மறுத்தார். தம்மிடம் ஒரு பிரெஞ்சுக்காரன் உயிரோடு இருக்கும் வரை அடைக்கலம் புகுந்தவரைக் கொடுப்பதற்கில்லை என்ற கருத்தில் அவர் விடை அனுப்பியதாக வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர்.

வந்த தூதருக்குக் கோட்டையின் பீரங்கிகளையும் படையையும் சுற்றிக் காட்டியதோடு, பிரான்சு நாட்டு இனிய மதுவகைச் சீசாக்கள் சிலவற்றையும் துய்மா பரிசாக அனுப்பினார் என்றும், ரகோஜியின் இல்லத்துப் பெண்மணிக்கு அது மிகவும் பிடித்துப் போய், இன்னும் வேண்டும் என்ற விருப்பமே படையைத் திருப்பிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. பீரங்கிகளைக் கண்டு திரும்பினாரா, சீசாவைக் கண்டு திரும்பினாரா என்பதை வாசகர் தீர்மானித்துக் கொள்க. ஹராமான பொருளைக் கொண்டு ஒரு நன்மை விளைந்ததாகச் சொல்லப்படும் இக்கதையை நான் மதரஸா மாணவர்களிடம் சொன்னதே இல்லை.

துய்மாவைப் பெருந்தியாகி ஆக்கிவிட நான் விரும்பவில்லை. அவர் வணிகக் குழுமத்தின் ஊழியர், கணக்கறிந்தவர். 1736இலேயே நாணயம் அடிக்கும் உரிமையை இதே தோஸ்த் அலியிடம் பெற்றிருந்தார். பின்னர் நவாபின் மகன் சப்தர் அலி நேரில் வந்து நன்றி கூறிச் சில நிலங்களை வழங்கினார். தில்லியில் இருந்து முகம்மது ஷா பாதுஷாவின் பட்டமும் வந்தது. கதவைத் திறந்ததில் இலாபம் இருந்தது என்பது மெய். ஆனால் கதவைத் திறந்த நாளில் அவ்விலாபம் கண்ணுக்குத் தெரியவில்லை; மராட்டியப் படை மட்டுமே தெரிந்தது என்பதும் மெய். அரபு மொழியில் இத்தகைய அடைக்கலத்திற்கு 'ஜிவார்' என்று பெயர். தாயிப் நகரத்தார் கல்லெறிந்து விரட்டியபின், நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் திரும்ப நுழைந்தது முத்இம் இப்னு அதீயின் ஜிவாரில் அல்லவா? முத்இம் இஸ்லாத்தைத் தழுவாதவர். எனினும் அவர் செய்த உதவியைப் பெருமானார் இறுதிவரை மறக்கவில்லை. துய்மா வீதியின் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு முத்இமின் நினைவே வந்தது.

சந்தா சாகிப் 1741இல் திருச்சிராப்பள்ளியில் மராட்டியரிடம் சிறைப்பட்டுச் சதாராவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஏறத்தாழ ஏழாண்டு அவர் மீளவில்லை. அத்தனை ஆண்டும் அவர் மனைவி காத்திருந்தது இந்தப் புதுவையில்தான். "ஏழு வருஷமா!" என்றார் என் துணைவியார். நான் வெளியூர் மதரஸாக்களில் பணிபுரிந்த காலத்தில் அவர் காத்திருந்த ஆண்டுகளை எண்ணிப் பார்த்தாரோ என்னவோ, எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்து கொண்டு முன்னே நடந்தார்.

பாரதி பூங்காவில் அமர்ந்து புளிச்சோற்றை உண்டோம். அப்பூங்கா இருக்கும் இடத்தில்தான் மர்த்தேன் கட்டிய லூயி கோட்டை நின்றது. 1750இன் கடைசியில் நாசிர் ஜங் செஞ்சிக்கு அருகில் கொல்லப்பட்டபின், முசப்பர் ஜங் தக்காணத்துச் சுபேதாராக இந்நகரிலேயே அரியணை ஏறினார். கவர்னர் துய்ப்ளே முஸ்லிம் பிரபுவைப் போல உடை தரித்து அவ்விழாவில் அமர்ந்தார். அந்தப் பகட்டெல்லாம் எத்தனை நாள்? முசப்பர் ஜங் இரண்டே மாதத்தில், ஐதராபாத்துக்குச் செல்லும் வழியில் மாண்டார். சந்தா சாகிப் 1752இல் திருச்சிக்கு அருகே தலை துண்டிக்கப்பட்டார். துய்ப்ளே 1754இல் திரும்ப அழைக்கப்பட்டார். 1761 சனவரியில் நகர் ஆங்கிலேயர் கையில் விழ, அவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் அடியோடு இடித்துத் தள்ளினர். இன்று நாம் 'பழைய பிரெஞ்சு நகர்' என்று வியந்து பார்ப்பது பெரும்பாலும் 1763இன் உடன்படிக்கைக்குப்பின், லா தெ லொரிஸ்தோன் காலந்தொட்டு மீண்டும் எழுப்பப்பட்டதே.

இவற்றையெல்லாம் நாம் அறிவதற்கு ஒரு தமிழர் காரணர். அவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கியவர். 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் நாள் தவறாது தமிழில் எழுதி வந்தார். நகர் வீழ்வதற்குச் சில நாள் முன்னரே கண்மூடினார். அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் அவர் பெயர் கொண்ட வீதியில், பெரிய சந்தைக்கு அருகே இருக்கிறது. மறைந்து கிடந்த நாட்குறிப்பு 1846இல் வெளிப்பட்டது. பன்னிரு தொகுதிகளாக ஆங்கிலத்திலும் வந்துள்ளது.

பிற்பகல் மிஷன் வீதியில், மக்கள் சம்பா கோவில் என்று வழங்கும் மாதா ஆலயத்திற்கு எதிரே நின்றோம். இங்கே நான் கால் நூற்றாண்டாக மாணவர்க்குச் சொல்லி வந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதை என் துணைவியாருக்கும் அதே பெருமிதத்துடன் சொல்லத் தொடங்கினேன்.

1748 செப்டம்பர். ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் நகரை முற்றுகையிட்டிருந்தார். யேசு சபையார் கோவிலை அடுத்து வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அதை அகற்ற வேண்டுமெனப் பாதிரிமார் நெடுங்காலம் வேண்டி வந்தனர். துய்ப்ளேயின் மனைவி ழான் அம்மையாரும் அதில் முனைப்பாக இருந்தார். அவர் 1706இல் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசவல்லவர், 'ஜான் பேகம்' என்று பெயர் பெற்றவர். முற்றுகையின் சந்தடியில் வாய்ப்புக் கிட்டிற்று. கோயில் இடிக்கப்பட்டது. அவ்வேளையில் பள்ளிவாசல் ஒன்றையும் இடிக்குமாறு கட்டளை பிறந்தது. செய்தி சிப்பாய்ப் படைத்தலைவர் அப்துர் ரஹ்மானுக்கு எட்டியது. அவர் நேரே கவர்னரிடம் சென்றார். பள்ளியின்மேல் கை வைத்தால் ஒரு சிப்பாயும் உம்மிடம் தங்கமாட்டான். இடிக்க வருபவர்மேல் பாய்ந்து அவ்விடத்திலேயே மடிவார்கள் என்ற பொருளில் கூறினார். துய்ப்ளே கட்டளையைத் திரும்பப் பெற்றார். இதைப் பதிந்து வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளையே.

நான் இவ்விடத்தில் நிறுத்தி, மாணவர்கள் முகத்தில் காணும் அந்த ஒளியை என் துணைவியார் முகத்திலும் எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் ஆலயத்தின் கோபுரங்களையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "பள்ளிக்குப் பேச ஆள் இருந்திச்சு. கோயிலுக்கு யாருங்க பேசினாங்க?"

எட்டாம் வகுப்பு வரை படித்த ஒருவர் கேட்ட இக்கேள்வியை, இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு மாணவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக் கொண்டதில்லை. "ஊர் மகாநாட்டார் முறையிட்டார்கள், பலிக்கவில்லை" என்று மட்டும் கூறினேன். அது முழு விடை அன்று என்பது எனக்கே தெரிந்தது.

ஊர் திரும்பியபின் அப்பகுதியை மீண்டும் எடுத்துப் படித்தேன். கோயிலை இழந்தவர்கள் பதறி வந்து நிற்பதும், ஊரை விட்டே போய்விடுவோம் என்பதும், பின் செய்வதறியாது தளர்வதும் அதில் இருக்கின்றன. பிள்ளை கவர்னருக்கு மிக நெருங்கியவர். அவராலும் தடுக்க முடியவில்லை. எஞ்சிய திருமேனிகளையும் பொருட்களையும் எடுத்துக் காப்பாற்றிக் கொள்ளுங்கள் என்ற அளவிலேயே அவர் அறிவுரை நின்றது. தம்மவரிடையே ஒற்றுமை இல்லையே என்ற அவருடைய வேதனை அப்பக்கங்களில் தெரிகிறது. அப்துர் ரஹ்மான் பள்ளிவாசலுக்காகக் கவர்னரிடம் சென்றதை எழுதிய அதே கை, அதே நாட்களின் குறிப்பில் இவற்றையும் எழுதியது. நானோ ஒன்றை எடுத்துக் கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டேன்.

அப்துர் ரஹ்மானை இன்று குற்றக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. முற்றுகைக்குள் இருந்த கூலிப்படைத் தலைவர் அவர். தம் பள்ளியைக் காத்ததே பெரிது. ஆனால் அல்ஹஜ் அத்தியாயத்தின் நாற்பதாம் வசனத்தை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். அதில் துறவியர் மடங்களும், கிறித்தவ ஆலயங்களும், யூதர் ஆலயங்களும் வரிசையாக எண்ணப்பட்டு, பள்ளிவாசல்கள் இறுதியில்தான் எண்ணப்படுகின்றன. அவ்வரிசையின் பொருளை விளக்க விரிவுரை நூல்கள் பலவற்றை நான் புரட்டியிருக்கிறேன். மிஷன் வீதியில் என் துணைவியார் கேட்ட கேள்வி அவற்றில் எதற்கும் குறைந்ததன்று. வேதபுரீசுவரர் கோயில் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வேறிடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. அது நிற்கும் வீதி இன்றும் ஈசுவரன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரவு நகரின் தென்பகுதியில், முஸ்லிம்கள் வாழும் வீதிகளுக்கு அருகே ஒரு விடுதியில் தங்கினோம். காஜியார் வீதி, முல்லா வீதி என்று பெயர்களே அங்கு வாழ்ந்தவர் இன்னார் என்று சொல்லிவிடும். சுப்ஹு தொழுகைக்கு வந்திருந்த முதியவர் ஒருவர் தேநீர் வாங்கித் தந்து, தம் பாட்டனார் சைகோனில் துணிக்கடை வைத்திருந்த வரலாற்றைக் கூறினார். அங்குள்ள பழைய வீடுகளின் வளைவுகளுக்கும் தூண்களுக்கும் பின்னே சைகோன் பணம் இருக்கிறது என்பது அவர் துணிபு. மறுப்பதற்கில்லை. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமுக்குப் புதுவை, காரைக்கால் முஸ்லிம்கள் திரளாகச் சென்றனர். சைகோன் நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகை நடக்கும் பள்ளியாக இருக்கிறது.

ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்து அரிக்கமேட்டிற்குச் சென்றோம். நகருக்குத் தெற்கே சுமார் நான்கு கிலோமீட்டர். அரியாங்குப்பத்து ஆறு வளைந்து கடலை நாடும் இடத்தில், மாமரங்களும் தென்னைகளும் சூழ்ந்த மேடு. பார்ப்பதற்கு ஏதும் இல்லையே என்று முதலில் தோன்றும். தோண்டிய குழிகள் மூடப்பட்டுவிட்டன. இடிந்த செங்கற்சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அவையும் ரோமர் கட்டியவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் வைத்திருந்த குருமடத்தின் எச்சம் என்பர். அக்குருமடத்தோடு தொடர்புடைய பிஞ்ஞோ தெ பெஹேன் என்பவர் வியட்நாம் மொழிக்கும் லத்தீனுக்கும் அகராதி ஒன்றை 1773இல் இங்கிருந்தபோது தொகுத்தார். காலையில் கேட்ட சைகோன் கதை இம்மேட்டிலும் எங்களைத் தொடர்ந்து வந்தது எனக்கு வியப்பாயிருந்தது.

இம்மேட்டில் பழஞ்செங்கற்கள் கிடப்பதை முதலில் எழுதி வைத்தவர் லெ ழாந்தீல் என்னும் வானநூலார். 1769இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காணவென்றே கடல் கடந்து வந்து புதுவையில் காத்திருந்தவர் அவர். அந்தக் காலைப்பொழுதில் மேகம் மூடிக் கொண்டது. வானில் காண வந்ததைக் காணாது போனாலும், மண்ணில் கண்டதை எழுதிச் சென்றார். பிறகு 1937 வாக்கில் புதுவையில் வாழ்ந்த பேராசிரியர் ழூவோ துப்ரேய் இங்குக் கிடைத்த மணிகளையும் முத்திரைக் கல்லையும் கண்டு இதன் அருமையை உணர்த்தினார். 1945இல் மார்ட்டிமர் வீலர் முறையாக அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் தொடர்ந்தனர்.

கிடைத்தவை யாவை? இத்தாலியின் அரேஸ்ஸோ வட்டாரத்தில் செய்த, பளபளப்பான செந்நிறக் கலங்களின் துண்டுகள். சிலவற்றின் அடியில் குயவரின் முத்திரைகள்: கமுரி, இட்டா என்று. இரு கைப்பிடிகளும் கூரிய அடியும் உடைய நெடுஞ்சாடிகளின் ஓடுகள். அச்சாடிகளில் வந்தவை பெரும்பாலும் திராட்சை மது. சிலவற்றில் ஸைத்தூன் எண்ணெய். சிலவற்றில் மீனைப் புளிக்க வைத்து எடுத்த சாறு. இவற்றோடு தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், உள்ளூரில் செய்த கண்ணாடி மணிகளும் குவியலாகக் கிடைத்தன. கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் 'பொதுகே' என்று கூறும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலர் கொள்கை. வீலர் இவ்வூரின் பெருமையை ரோமருக்கே பெரிதும் உரியதாக்கினார். அவர்கள் வருவதற்கு ஒரு நூற்றாண்டிற்கும் முன்னரே இங்குத் தமிழர் குடியிருப்பும் வணிகமும் தழைத்திருந்தமை பின்னை ஆய்வுகளால் தெளிவாயிற்று. கிடைத்த ஓடுகளில் உள்ளூர் ஓடுகளே மிகப்பல. யவன ஓடுகள் சில. விருந்தினர் வந்து போன வீட்டை விருந்தினர் வீடு என்று சொல்லலாமா?

ஸைத்தூன் எண்ணெய் என்றதும் என் துணைவியார் முகம் மலர்ந்தது. உம்ராவுக்குச் சென்று வரும் உறவினரிடம் அவர் வேண்டிக் கேட்டு வாங்கும் பொருள் அது. "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே நம்ம கரைக்கு வந்திருக்கே!" என்றார். அரபுப் புவிநூலார் மத்தியதரைக் கடலைப் 'பஹ்ருர் ரூம்', அதாவது ரோமரின் கடல் என்று அழைத்தனர். நம் சோழமண்டலக் கரையை 'மஃபர்', அதாவது கடக்கும் இடம் என்று அழைத்தனர் என்பதை அவருக்குக் கூறினேன். மது வந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. புதுவைத் தெருக்களில் இருபதடிக்கு ஒரு சாராயக் கடையைக் கடந்து வந்த எங்களுக்கு அது புதுச்செய்தியாகவும் படவில்லை.

அங்கிருந்து வீராம்பட்டினம். மேட்டிற்குக் கிழக்கே, கடலையொட்டிய மீனவர் ஊர். செங்கழுநீர் அம்மன் தேர்த்திருவிழாவால் பெயர் பெற்றது. ஆடி மாதத்துத் தேரின் வடத்தைப் பிரெஞ்சுக் கவர்னரே பிடித்து இழுத்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் இருந்தது. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் இழுக்கின்றனர். 1748இல் கோயிலை இடித்த ஆட்சியின் வழிவந்தவர்கள் தேர்வடம் பிடித்தார்கள் என்பதைக் கேட்டு என் துணைவியார் சிரித்தார். அவ்விரண்டு நாட்களில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

வலைகள் காய்ந்து கொண்டிருந்தன. கரையேறிய படகு ஒன்றின் நிழலில் அமர்ந்தோம். கடற்கரைச் சாலையில் கருங்கற்கள் தடுத்த அலையை இங்கே கால் நனைய அனுபவிக்க முடிந்தது. மீன் பிரித்துக் கொண்டிருந்த பெண் ஒருவர் "எந்த ஊரும்மா?" என்று கேட்க, இருவரும் வெகுநேரம் மீன் விலை பேசிக் கொண்டிருந்தனர். நான் மணலில் குச்சியால் கமுரி, இட்டா என்று எழுதிப் பார்த்தேன். தன் சாடியும் தட்டும் எந்தக் கரையில் உடையும் என்று அந்தக் குயவன் அறிந்திருக்க மாட்டான்.

லுஹரை நகரில் தொழுது, மூன்று மணிப் பேருந்தில் கடலூர் வழியே ஊர் திரும்பினோம். அன்றிரவே தங்கை மகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, படம் எடுத்தீங்களா?" என்று கேட்டான். ஒரே ஒரு படம் இருந்தது. அரிக்கமேட்டில் காவலர் எடுத்துத் தந்தது: இடிந்த செங்கற்சுவர், அதன் முன்னே நாங்கள் இருவரும். அனுப்பிவிட்டு என் பாடக் குறிப்பேட்டை எடுத்தேன். அப்துர் ரஹ்மான் பற்றிய பக்கத்தில் இடம் போதவில்லை. தாள் ஒன்றைத் தனியே வெட்டி, வேதபுரீசுவரர் கோயிலைப் பற்றி எழுதி, அதன் ஓரத்தில் ஒட்டினேன். கூழ்ப்பசை காயும் வரை விசிறிக் கொண்டிருந்தவர் என் துணைவியார்.